ஓட்டைக் கப்பலின் கணக்கு

கென் உரோபுச்சியின் நாவலிலிருந்து உருவான 'ஃபேட்/ஜீரோ' அனிமேயில் (2011–12) கிரிட்சுகு என்பவன் முன் ஒரு புதிர் வைக்கப்படுகிறது. இரண்டு கப்பல்கள், ஒன்றில் 300 பேர், மற்றதில் 200 பேர். இரண்டிலும் ஓட்டை. அடைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே. அவன் 300 பேரின் பக்கம் நிற்கிறான்; தங்கள் கப்பலுக்கு வரச்சொல்லி அவனைப் பிடித்துவைத்த 200 பேரும் சாகிறார்கள். மிஞ்சியவர்கள் 200, 100 என்று பிரிந்து வேறு இரு கப்பல்களில் ஏற, அவற்றிலும் ஓட்டை விழுகிறது. ஒவ்வொரு தடவையும் அவன் காப்பாற்றுவது பெருந்தொகையினரைத்தான். ஆனாலும் இரண்டாம் சுற்று முடியும்போதே செத்தவர்கள் 300, பிழைத்தவர்கள் 200.

சிலரைக் கொடுத்துப் பலரைக் காக்கலாமா என்ற கேள்வியை அனிமே பல கோணங்களில் புரட்டிப் பார்த்திருக்கிறது. உரோபுச்சியே எழுதிய 'மடோகா மாஜிகா'வில் (2011) பிரபஞ்சத்தின் ஆயுளை நீட்டச் சில சிறுமிகளின் விரக்தி எரிபொருளாகிறது. அவர்கள் உடன்பட்டவர்கள்தாம், எதற்கு உடன்படுகிறோம் என்பது மட்டும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 'கோட் கியாஸ்' நாயகன் லெலூஷ் உலகத்தின் வெறுப்பையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு சாகிறான். 'அட்டாக் ஆன் டைட்ட'னின் எரனோ தன் தீவுக்காரருக்காக உலகத்தையே மிதித்தழிக்கப் புறப்படுகிறான். இவற்றை அளக்கத் தமிழில் இரண்டு சொற்கள் கைவசம் உண்டு. தன்னைக் கொடுப்பது தியாகம். பிறரைக் கொடுப்பது பலி. பலியிடுகிறவன் அதற்குத் தியாகம் என்று பெயர் வைக்கும்போதுதான் அறம் பிசகத் தொடங்குகிறது.

இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தோட்ட வாக்குகளில் மலைநாட்டுச் சிங்களவரின் பிரதிநிதித்துவம் மூழ்கிவிடும் என்ற பேச்சு எழுந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கூறு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பின்னர் பார்க்கப்படும். இந்தியா 7 பேரை ஏற்றால் இலங்கை 4 பேருக்குப் பிரஜாவுரிமை தரும் என்பது விகிதம். அந்த 1,50,000 பேரையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பசறை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து போக வேண்டியவர்கள் பதுளைக்கு இறங்கிக் கோச்சி ஏறினார்கள். மேடையில் நின்றவர்களும் பெட்டியில் இருந்தவர்களும் கதறியதால் அதற்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் விழுந்தது. தலைமன்னாரில் அவர்களை இந்தியாவுக்கு ஏற்றிச்செல்ல 'இராமானுஜம்' கப்பல். ஒரே லயத்தில் பிறந்த உடன்பிறப்புகள்கூடக் கடலுக்கு இப்பக்கமும் அப்பக்கமுமாய்ப் பிரிந்தார்கள்.

கற்பனையில் உயிர் போவதையும் நிஜத்தில் ஊர் மாறுவதையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கலாம். இழப்பின் அளவு வேறு என்பது உண்மை. ஆனால் மனிதரைத் தொகையாக்கிய பிறகே அவர்களைப் பங்கிட முடியும் என்ற வழிமுறை இரண்டிலும் ஒன்றே. இரண்டாவது மறுப்பு வலுவானது: ஆள்பவர் யாரையாவது இழந்துதான் ஆக வேண்டும், தேர்ந்தெடுக்க மறுப்பதும் ஒரு தேர்வுதான். இது மூழ்கும் கப்பலுக்குப் பொருந்தும். கிரிட்சுகு ஓட்டைகளைப் போட்டவனல்ல; அவை அவனுக்குக் கொடுக்கப்பட்டவை. 1964இல் கணக்குப் பார்க்க வேண்டி வந்ததோ 1948இல் போட்ட ஓட்டையால். ஓட்டை போட்ட கையே, யாரை இறக்கிவிடுவது என்று எண்ணுகிற அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டது. எனவே எத்தனை பேர் என்று கேட்கும் முன், கப்பல் எப்படி ஓட்டையானது, எண்ணுகிறவர் அதில் ஏறியிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். லெலூஷ் ஏறியிருந்தான். 1964 ஒப்பந்தத்தில் டில்லியில் கையொப்பமிட்டவர்கள் ஏறியிருக்கவில்லை.

உண்மையில் வேறு வழியே இருக்கவில்லையா? விண்ணப்பம் கோரியபோது, ஒப்பந்தம் குறித்த தொகைக்கு இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு ஆட்கள் முன்வரவில்லை. இலங்கையைக் கேட்டவர்களோ ஒதுக்கிய 3,00,000ஐத் தாண்டினார்கள். மக்களின் விருப்பம் அந்த விகிதத்துக்குள் அடங்கவில்லை. 2003இல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம், எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கியது. அதனால் எந்தக் கப்பலும் மூழ்கிவிடவில்லை. அதற்குள் இராமானுஜம் கப்பல் ஓடுவது நின்று பத்தொன்பது வருடங்கள் ஆகியிருந்தன.