சிலம்பும் மணிச்சோதனையும்

காப்பியங்களில் அணிகலன் பற்றி வரும் பகுதிகளை வெறும் வருணனை எனக் கருதிக் கடந்து செல்லுதல் கற்பாரிடையே வழக்கமாகிவிட்டது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி பூண்ட அணிகளின் நிரலும், ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடை வீதியின் விரிவும் இவ்வாறே புறக்கணிக்கப்படுகின்றன. இவை கதைப்போக்கைத் தடுப்பன என்பாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதை ஈண்டுக் காட்ட முயல்வோம்.

மாதவியின் விரலில் உள்ளது வாளைமீனின் பிளந்த வாய் போன்ற மோதிரம். அவள் தலைக்கோலத்தில் வலம்புரி இடம்பெறுகின்றது. திருமுருகாற்றுப்படை மகளிரின் தலையணியும் மகரமீனின் திறந்த வாய் வடிவினதே. நீர்வாழ் உயிர்களைக் கம்மியன் நுணுகி நோக்கினான். அவன் நோக்கியதைப் புலவன் பெயரிட்டுப் போற்றினான். அடியார்க்குநல்லார் உரை கிடைத்திராவிடின் இவ்வணிப்பெயர்களுட் பல பொருள் விளங்காச் சொற்களாகவே எஞ்சியிருக்கும்.

ஊர்காண் காதையிலோ இயற்கை வேறொரு பணி புரிகின்றது. வயிரத்தின் குற்றங்களுள் ஒன்று காகபாதம். காக்கையின் காலடி போன்ற கீற்று என்பது அதன் பொருள். பொன்வகை நான்கனுள் ஒன்று கிளிச்சிறை. கிளியின் சிறகால் பெற்ற பெயர் அது. முன்னதில் இயற்கை அழகுக்கு வடிவம் தந்தது; பின்னதில் குற்றமும் குணமும் அறியும் அளவையாய் நின்றது. இவ்வேறுபாடு கருதற்குரியது.

இவ்வீதியைக் கண்டு மீள்பவன் யாவன்? கோவலனே. மணியின் குற்றம் தெரிந்து விலை கூறும் வல்லுநர் நிறைந்த அதே நகரில், இரண்டு காதைகள் கழிந்து, கொலைக்களக் காதையில் அவன் வெட்டுண்டு வீழ்கின்றான். பொற்கொல்லன் சொல்லே சான்றாயிற்று. சிலம்பைச் சோதிப்பார் ஒருவரும் இலர். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். புறத்தோற்றத்தால் ஒத்தவற்றை அகத்துப் பரலே வேறுபடுத்துகின்றது. வழக்குரை காதையில் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியது, மணிக்கடை வீதியார் நாள்தோறும் செய்த சோதனையே. காலங்கடந்து செய்யப்பட்டமையால் அது ஓருயிரையும் மீட்கவில்லை. எனவே ஊர்காண் காதையின் மணிப்பகுதி, பின்வரும் பிழையின் கொடுமையை அளத்தற்குப் புலவர் முன்னரே வைத்த துலாக்கோல் எனல் தகும்.

தோல் தொழில் சிறந்த வேலூர், ஆம்பூர்ப் பகுதி மாணவர்க்கு இது விளங்குதல் எளிது. பதனிட்ட தோலைத் தேர்வோர் மேற்பூச்சின் பளபளப்பை மட்டும் நம்பார்; புரட்டியும் விரலால் தடவியும் பார்த்த பின்னரே தரம் பிரிப்பர். சவ்வாது மலையடியில் உள்ள அமிர்திக்குச் செல்லும் மாணவர் ஆண்டு மயிலை நேரிற் காண்பர். அம்மயிலையே மணி பதித்த அணியாக ஆடரங்கிற் காணுங்கால், கம்மியன் எதனைக் கொண்டான், எதனை விடுத்தான் என ஒப்பிட்டறியும் பயிற்சி அவர்க்கு வேண்டும்.

அத்தகைய அணிகள் இன்றும் வாழ்கின்றன. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் கம்மியர் கையால் இயற்றும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. வெள்ளியை அடித்தளமாக்கி, கெம்புக்கற்கள் பதித்து, பொற்றகடு போர்த்து அவற்றை இயற்றுவர். மாங்காயும் கிளியும் அன்னமும் மயிலும் அவற்றின் வடிவங்கள். தெய்வத் திருமேனிக்கு உரியனவாய் இருந்தவை பரதநாட்டியம் ஆடுவோர்க்கும் அணியாயின. இவற்றை எல்லாரும் பொன்னழகு என்றே புகழ்கின்றனர். உள்ளிருந்து தாங்கும் வெள்ளியை நினைப்பார் சிலரே. அச்சில் வார்த்துக் கண்ணாடிக்கல் ஒட்டிய மலிவான போலிகளும், மேடை விளக்கொளியில் தொலைவிலிருந்து நோக்குவார்க்கு, இவற்றோடு ஒப்பவே தோன்றும். புறத்தோற்றமே தீர்ப்பாகுமாயின் கைத்தொழில் வல்லான் தோற்பான், போலி வெல்லும்.

ஆகவே அணிநிரல்களை ஆராய்வோர் உரைநூலோடு நில்லாது கம்மியன் பட்டடைக்கும் செல்லுதல் வேண்டும் என்பது எம் கருத்து. சொல்லுக்குப் பொருள் அங்கு உருவாய் இருக்கின்றது. அது மறைந்த பின் ஏட்டில் எஞ்சுவது பெயர் ஒன்றே. உடைத்துப் பார்க்க வேண்டிய காலத்திற் பாராது, பின்னர் வருந்திய பாண்டியன் நிலை ஆராய்ச்சியாளர்க்கு வாராதிருக்க வேண்டும்.