இசைப் பட்டமும் இசையாசிரியரும்: ஒரு மதிப்பீடு

மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் யாழ்ப்பாண வளாகத்துடன் இணைக்கப்பட்டமை ஈழத்துத் தமிழரின் இசைக் கல்வி வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். குருவின் இல்லத்தையும், 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளையும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலான தமிழக நிறுவனங்களையும் பெரிதும் சார்ந்திருந்த இசைப் பயிற்சி, இங்கு உயர்கல்வியின் ஓர் அங்கமாயிற்று. இதன் முக்கியத்துவத்தை எவரும் மறுத்தற்கில்லை.

எனினும், நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. பட்டம் பெறுவோரிற் பலர் செல்வது கச்சேரி மேடைக்கன்று, பாடசாலை வகுப்பறைக்கே. ஆயின், வர்ணம், கீர்த்தனை, ஆலாபனை, கற்பனாசுரம் என விரியும் கச்சேரி மரபே அவர்தம் பயிற்சிக்கு அடிப்படையாக உள்ளது.

குருகுலத்தில் மாணவர் ஆசிரியரின் குரலை அணுக்கமாகக் கேட்டு, அதனைத் திரும்பத் திரும்பப் பாடிக் கமகங்களைப் பெறுகின்றார். வகுப்பறையிலோ பலதிறப்பட்ட குரலுடைய பிள்ளைகள் ஒரு பாடவேளைக்குள் ஒரே சுருதியிற் பாட வேண்டியுள்ளது. மாயாமாளவகௌளையிற் சரளி வரிசையுடன் தொடங்கும் பாடம், குரல் இணங்கிய சிலரைப் பாடகராகவும் ஏனையோரை வெறும் கேட்போராகவும் பிரித்து விடுகின்றது. 'பாட வராது' என ஒதுக்கப்பட்ட பிள்ளை தன் ஊர்க் கூத்துப் பாட்டைத் தாளம் பிசகாது பாடுவதை நாம் கண்டதில்லையா?

1960களிற் பேராதனையில் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய தயாரிப்புகள் மூலம் கிராமியக் கூத்தைப் பல்கலைக்கழக அரங்கிற்குக் கொணர்ந்தார். அம்முயற்சி நாடகத்துறைக்கு அளித்த உரத்தை, ஆசிரியப் பயிற்சிக்கான இசைப் பாடவிதானம் போதியளவு பெறவில்லை என்பதே எமது கருத்தாகும்.

இதனாற் சாஸ்திரிய இசையைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அது உயர்குழாத்தினரின் கலை என்று மட்டும் கூறி அமைதல் வரட்டுவாதமேயாம். 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் கலை குடும்ப மரபிலும் கோயில் வீதியிலும் வளர்ந்தது. அத்தகைய மரபுகள் பிறப்பின் எல்லைக்குள் நின்றவை. பிறப்பும் செல்வமும் வகுத்த வேலியைக் கடந்து இசையை எப்பிள்ளைக்கும் உரியதாக்கும் ஆற்றல் பொதுக்கல்விக்கே உண்டு.

அவ்வாற்றல் செயற்பட வேண்டுமாயின், கற்பித்தற் பயிற்சி செய்முறைத் தேர்வுக்கு நிகரான மதிப்பைப் பெறுதல் வேண்டும். குழுவாகப் பாடுதல் முறையாகப் பயிற்றப்படல் வேண்டும். பிள்ளை அறிந்த மெட்டிலிருந்து இராகத்திற்குச் செல்லும் வழியை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். நல்ல பாடகரை உருவாக்குவது பல்கலைக்கழகத்திற்குப் பெருமை. பாடத் துணியும் வகுப்பை உருவாக்கும் ஆசிரியரைத் தருவது அதன் கடமை.