அம்புக்குறி மோகம்

எங்கள் கல்லூரி மாணவன் ஒருவன் தனி ஊசல் சோதனைக்காக ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு நிறுத்துக் கடிகாரம் எழுதி வந்தான். பொத்தானை அழுத்தினால் 1, 2, 3 என்று நொடிகள் ஏறவேண்டும். திரையில் தோன்றியதோ 'எண் அன்று' எனப் பொருள்படும் குறிப்பு. "செயற்கூறுகள் எல்லாவற்றையும் புதிய முறையில்தான் எழுதியிருக்கிறேன், சார்" என்றான். தவறே அதில்தான் இருந்தது.

வாசகர்களே, இம்மொழியைப் பிரெண்டன் ஐக் 1995ஆம் ஆண்டு உருவாக்கினார். செயற்கூறு என்பது ஒரு வேலைக்கான கட்டளைகளைத் தொகுத்துப் பெயரிட்டு, வேண்டும்போது அழைக்கும் ஏற்பாடு. அதை 'ஃபங்ஷன்' என்ற சொல்லோடு தொடங்கி எழுதுவது பழைய வழக்கம். 2015ஆம் ஆண்டுத் தரத்தில் அம்புக்குறி வடிவமும் சேர்ந்தது. உள்ளீட்டின் பெயர், ஓர் அம்பு, அப்புறம் விடை; அவ்வளவுதான். ஒரு பட்டியலிலுள்ள எண்களை எல்லாம் இரட்டிப்பாக்க அரை வரி போதும். அழகான வடிவம், நானும் விரும்பியே எழுதுகிறேன். ஆனால் 'பழையதைக் கைவிடுங்கள், எதையும் அம்பாலேயே எழுதுங்கள்' என்று பாடங்கள் பல சொல்லிக்கொடுக்கின்றனவே, அதை நான் ஏற்கமாட்டேன். இவை பழையதும் புதியதும் அல்ல, வெவ்வேறானவை.

எப்படி? ஓடும் ரயிலில் உங்கள் எதிரே இருப்பவரின் வேகம் என்ன? உங்களுக்குச் சுழி, பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு மணிக்கு 80 கிலோமீட்டர். குறிப்பாயம் எது என்று சொல்லாமல் வேகத்தைச் சொல்ல முடியாது. ஜாவாஸ்கிரிப்டில் 'திஸ்' என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. 'இந்தப் பொருள்' என்றால் எந்தப் பொருள்? பழைய வடிவச் செயற்கூறு, தன்னை எந்தப் பொருளின் வழியாக அழைத்தார்களோ அதையே 'திஸ்' எனக் கொள்ளும். அம்புக்குறிச் செயற்கூறுக்குச் சொந்தமாக 'திஸ்' கிடையாது. எழுதப்பட்ட இடத்தில் வெளியே எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும்.

மாணவன் 'கடிகாரம்' என்ற பொருளுக்குள் 'ஓடு' என்ற செயற்கூறை அம்பால் எழுதியிருந்தான். பொருளைச் சுற்றியுள்ள அடைப்புக்குறி புதிய குறிப்பாயம் ஆகாது. எனவே 'திஸ்' கடிகாரத்தைக் காட்டாமல் உலாவியின் சாளரத்தைக் காட்டியது. சாளரத்திடம் ஏது நொடிக் கணக்கு? இல்லாத மதிப்போடு ஒன்றைக் கூட்டினால் எண் எப்படி வரும்!

சரி, முழுவதும் பழைய வடிவத்தில் எழுதினால்? அப்போதும் அதே குறிப்புதான் வரும். நொடிக்கொரு முறை நடக்கவேண்டிய உள் செயற்கூறை அழைப்பது கடிகாரம் அன்று, உலாவி. மறுபடியும் சாளரம்! 2015க்கு முன்பு 'திஸ்' மதிப்பை வேறொரு மாறியில் ஒளித்துவைத்துச் சமாளித்தோம். அம்பின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான். வெளியே பழைய வடிவம், உள்ளே அம்பு: இரண்டும் சேர்ந்தால்தான் கடிகாரம் ஓடும்.

இன்னொன்று. பழைய முறையில் பெயரிட்டு அறிவித்த செயற்கூறை, அறிவிப்புக்கு மேலேயுள்ள வரியிலும் அழைக்கலாம். மாறிலியில் இட்ட அம்பை அப்படி அழைத்தால் பிழை. முக்கிய வேலையை மேலே வைத்து, துணைக் கணக்குகளைக் கீழே தள்ளி எழுதும் என் போன்றோருக்கு இது சிறிய வசதி அல்ல.

மாணவன் ஒரே வரியை மாற்றினான், நொடிகள் ஏறின. ஊசலுக்கு முழு நொடிக் கணக்குப் போதாதே! அடுத்த வாரத்துக்குள் நொடியில் நூறில் ஒரு பங்கு தெரியும்படி திருத்திவரச் சொல்லியிருக்கிறேன்.