சுவரைக் காக்கப் பிறந்த பள்ளிக்கூடம்

மரியா மாண்டிசோரியைக் (1870–1952) குழந்தைகளின் தெய்வத்தாயாக எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. புனிதம் உள்ளே வந்தால் அரசியல் வெளியே போய்விடும். இவரது வாழ்க்கை அப்படியொன்றும் புனிதக் கதை இல்லை. அதனாலேயே நமக்கு அது வேண்டியிருக்கிறது.

1896இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றவர், மனநோய் விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளை முதலில் கவனித்தார். தொட்டுப் பார்க்க ஒரு சாமான்கூட இல்லாத வெற்று அறைகள். 1898இல், உடன் பணியாற்றிய மருத்துவர் மொந்தெசானோவுக்கும் இவருக்கும் மணமாகாமலே மரியோ பிறந்தான். பிள்ளை கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் ஒளித்து வளர்க்கப்பட்டது. அப்பன்காரன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவன் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

1907 ஜனவரியில் சான் லொரென்சோவில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்ததற்குக் காரணம் கருணை அல்ல. தொழிலாளர் குடியிருப்பைப் புதுப்பித்த கம்பெனிக்கு ஒரு தொல்லை: அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவரைப் பாழாக்குகின்றன. ஆகவே அவர்களை ஓர் அறையில் உட்கார வைக்க ஆள் தேவை. குளிக்காமல், அழுக்குத் துணியோடு வருகிற பிள்ளை வெளியேற்றப்படும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. தாய்மார் வாரம் ஒருமுறை ஆசிரியையிடம் வந்து பேச வேண்டும். ஃபூக்கோ படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காவல் அறைக்குள்தான், கட்டளை போடாமல் தள்ளி நின்று பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கும் முறையை மாண்டிசோரி உருவாக்கினார். ஆளுகைக்காகக் கட்டிய இடத்தில் விடுதலைக்கான அறிவு முளைத்தது என்பேன். அதே அறிவோடு 1920களில் முசோலினியின் ஆதரவை ஏற்றதும் இவர்தான். முறிவு வந்தது 1934இல், தாமதம்தான்.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்தார். மறுவருடம் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. இவரை அடையாறுக்குள் கட்டுப்படுத்தியது. எழுபதாவது பிறந்தநாளுக்குத்தான் மரியோவை விட்டார்கள். ஊருக்கு உறவுப் பையனாகவும் வளர்ப்புப் பிள்ளையாகவும் காட்டப்பட்டவனை வைஸ்ராயின் செய்தி ‘மகன்’ என்றே சொன்னது. பின்பு 1942 முதல் 1944 வரை, நம்ம கொடைக்கானலில் வாசம்.

கொடைக்கானலுக்குக் கீழே, இந்த மதுரைச் சமவெளியில் அந்தப் பெயர் என்னவாயிற்று? அவனியாபுரம் மாதிரியான பகுதிகளில் அது ஃபீஸ் வாங்கும் நர்சரிகளின் போர்டில் தொங்குகிறது. பூக்கட்டுகிறவளின் பிள்ளை, கொத்தனார் வேலைக்குப் போகிறவளின் பிள்ளை – சான் லொரென்சோவின் அசல் வாரிசுகள் – போவது அங்கன்வாடிக்கு. 1975இல் தொடங்கிய திட்டம் அது. அங்கே அந்தப் பிள்ளைகளைத் தள்ளி நின்று கவனிக்க வேண்டியவள் எடை போட்டு, சமையலைப் பார்த்து, ரிஜிஸ்டரும் எழுதுகிறாள். அவளுக்கு ஒன்றிய அரசு கொடுப்பதன் பெயர் சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம்.