ஒரு நாளைக்கு ஒரு வசனம் போதுமா?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிகிற வேளையில், ரொறன்ரோவின் ஸ்காபுறோப் பகுதித் தமிழ்ச் சபைகள் பலவற்றில் ஒரு தட்டில் சிறு அட்டைகள் வரும். ஆளுக்கொன்றாக எடுப்பார்கள். கையில் வந்த அட்டையிலுள்ள வசனம்தான் அந்த ஆண்டு முழுவதுக்குமான வாக்குத்தத்தம். கார் தரிப்பிடத்தில் குளிருக்குள் நின்றபடியே, "உங்களுக்கு என்ன வசனம் வந்தது?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஆண்டுக்கு ஒன்று இப்படியென்றால், நாளுக்கு ஒன்று கைப்பேசியில் வருகிறது. விடியுமுன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பூப்படத்தின் மேல் ஒரு வசனம் வந்துவிடும். 2008இல் தொடங்கிய யூவெர்ஷன் செயலி தமிழ் வேதாகமத்தோடு அன்றைய வசனத்தையும் தருகிறது.

வேதத்திலிருந்து தினமும் பெலனும் வழிநடத்துதலும் பெறுவது என்று நம்மவர்கள் சொல்வது, ரொறன்ரோவில் இன்று பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் நடக்கிறது. பெலன் தருவதில் இந்தப் பழக்கம் வெல்கிறது. வழிகாட்டுவதில் அடிக்கடி தவறுகிறது. வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து பிய்த்தெடுப்பதே அந்தத் தவறுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் பெலன். இலங்கையில் 1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர் முதல் ஆண்டுகளை இரவு வேலையிலும் இரட்டை வேலையிலும் கழித்தவர்கள். உணவகச் சமையலறை, தொழிற்சாலை, அலுவலகத் துப்புரவு. அப்படியான நாட்களில் உட்கார்ந்து நான்கு அதிகாரம் வாசிக்க யாரால் முடியும்? பேருந்துக்குக் காத்திருக்கும்போது மனதுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு வசனம் இருந்தால் போதும். மனப்பாடமான வசனம் அகதி வழக்கு விசாரணைக்குப் போகும் காலையிலும் கூடவே வரும். மொழி புரியாமல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போதும் கூடவே இருக்கும். அன்றைக்குக் கட்ட வேண்டிய கடனைப் பற்றிய நினைப்புக்கு முன்னால் வேறொரு சொல் மனதில் விழுவது சின்ன விஷயமில்லை. ஒரே வசனத்தை யாழ்ப்பாணத்தில் அக்காவும் லண்டனில் தம்பியும் இங்கே தானும் அதே நாளில் வாசிக்கிறோம் என்ற நினைப்பில், சிதறிப்போன குடும்பம் ஒன்றுகூடுகிறது. இன்னொரு நன்மையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பேரப்பிள்ளைகளோடு அம்மம்மா நடத்தும் குடும்ப ஜெபம்தான் பல வீடுகளில் தமிழ் உரைநடை உரத்து வாசிக்கப்படுகிற ஒரே நேரம். ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு ஸ்காபுறோ அடுக்குமாடி வீடுகளில் இன்னும் ஒலிக்கிறது.

இந்தப் பழக்கத்தின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. போகாட்ஸ்கி என்பவர் நாளுக்கொரு வசனமும் சிறு தியானமுமாக ஒரு நூலை 1718இல் வெளியிட்டார். தமிழ்நாட்டின் தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்த சீகன்பால்க் சார்ந்திருந்த ஹாலே பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்தான் அவரும். ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொரேவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் 1728இல் தினசரி வசனம் சொல்லத் தொடங்கினார்கள். 1731 முதல் அது அச்சில் வருகிறது. அதே மொரேவியர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். 1771இல் கனடாவின் லாப்ரடோர் கரையில் இனுயிட் மக்களிடையே நெயின் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். ஹெர்ன்ஹூட்டில் இன்றும் சுமார் 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களிலிருந்து சீட்டெடுத்துத்தான் வருங்கால ஆண்டொன்றின் ஒவ்வொரு நாளுக்கும் வசனம் குறிக்கிறார்கள்.

சீட்டெடுப்பது நமக்கும் புதிதில்லை. சைவ மரபில் தேவார ஏட்டில் கயிறு சாத்தி, அது காட்டும் இடத்தில் வரும் பாடலை விடையாகக் கொள்வார்கள். பிள்ளைப்பேறு வேண்டி நின்ற அச்சுதகளப்பாளருக்காகக் குலகுரு சகலாகம பண்டிதர் கயிறு சாத்தியபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்துப் பாடல் ஒன்று வந்தது என்பதும், அதன்பின் பிறந்த பிள்ளையே சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் என்பதும் மரபு சொல்லும் வரலாறு. அங்கே வந்தது ஒரு முழுப் பாடல் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் அட்டையில் வருவது ஒரு வசனம், சில வேளை அதில் பாதி.

அந்த ஒரு வசனம் மனிதரை வழிநடத்தாதா என்று கேட்பவர்களுக்கு ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரை நினைவூட்டலாம். 1939 கோடையில் அவர் நியூயோர்க்கில் பாதுகாப்பாக இருந்தார். ஜூன் 26 அன்று, குளிர்காலத்துக்கு முன் தன்னிடம் வந்துவிடும்படி பவுல் தீமோத்தேயுவைக் கேட்கும் வரியை வாசித்தார். அந்த அழைப்பு தன்னையே தொட்டதாக நாட்குறிப்பில் எழுதினார். யூலையில் ஹிட்லரின் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். வசனமே முடிவெடுத்துக் கொடுத்த கதையாக இதைச் சொல்வதுண்டு. ஆனால் அமெரிக்காவில் தங்கும் ஏற்பாட்டை அவர் மறுத்தது ஜூன் 20 அன்றே. பல நாள் மனப்போராட்டத்துக்குப் பின், சொந்த மக்களோடு நிற்க வேண்டும் என்ற பொறுப்புணர்வில் எடுத்த முடிவு அது. ஆறு நாள் கழித்து வந்த வசனம் அதை உறுதிப்படுத்தியது. வேதத்தை முழுமையாக வாசித்துப் பழகிய மனம் ஒரு வரியைக் கேட்கும் விதமும், வேறெதையும் வாசிக்காத மனம் அதே வரியைக் கேட்கும் விதமும் வேறு.

நம்மிடையே அதிகம் சுற்றுகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உங்களைக் குறித்துக் கர்த்தர் கொண்டிருப்பது சமாதானத்துக்கான நினைவுகளே என்ற பொருள் தருவது. பரீட்சைக்கும், வீடு வாங்குவதற்கும், விசா வழக்குக்கும் இதைப் பகிர்கிறோம். அது ஒரு கடிதத்தின் நடுவிலுள்ள வரி. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதம். அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டில் எல்லாரும் ஊர் திரும்புவீர்கள் என்று கூட்டத்தின் முன் வாக்குக் கொடுக்கிறான். எரேமியா அதைப் பொய் என்கிறார். எழுபது ஆண்டு ஆகும். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், அந்த நகரத்தின் நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார். எழுபது ஆண்டு என்றால் அதைக் கேட்ட பெரியவர்கள் ஊரைக் காணப்போவதில்லை. அவர்களுக்கு அடுத்து சொல்லப்பட்டதுதான் நாம் பகிரும் வசனம்.

ரொறன்ரோத் தமிழருக்கு இந்த அதிகாரத்தைவிட நெருக்கமான இன்னொன்று வேதத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஊரை இழந்தவர்கள் அந்நிய நகரத்தில் எப்படி வாழ்வது, திரும்பிப்போகும் ஆசையை என்ன செய்வது, நம்மைத் துரத்தாத ஆனால் நம்முடையதும் இல்லாத இந்த நகரத்துக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கேள்விகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பதினோராம் வசனத்தை மட்டும் தனியே எடுக்கும்போது அது அனனியாவின் வாக்கைப் போலவே ஒலிக்கத் தொடங்குகிறது. சீக்கிரம், இந்த ஆண்டிலேயே, உனக்கே எல்லாம் நன்றாகும் என்று. தீர்க்கதரிசி எதை எதிர்த்து எழுதினாரோ அதற்கே அவருடைய வரி பயன்படுகிறது. கொரோனா பரவிய 2020இல் யூவெர்ஷனில் முன்னணியில் நின்ற ஏசாயா 41:10ம் பாபிலோன் சிறையிருப்பின் பின்னணியில் வாசிக்கப்படும் பகுதியிலிருந்து வருவதுதான்.

அடுத்த குறை இன்னும் கனமானது. வாக்குத்தத்த அட்டைகளில் புலம்பலைத் தேடிப் பாருங்கள். ஆசீர்வாதம், பெருக்கம், வெற்றி, சுகம் எல்லாம் இருக்கும். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் அழுகையும். 88ஆம் சங்கீதம் எந்த ஆறுதலுக்கும் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. இவற்றை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. 2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை, வன்னியில் கொல்லப்படுகிறவர்களுக்காக ஆயிரக்கணக்கான தமிழர் ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி நின்றார்கள். அடுத்த சில நாட்களில் போர் முடிந்தது. அந்த வாரங்களில் உறவுகளைப் பறிகொடுத்தவரின் கைப்பேசிக்கு வெற்றி வசனம் வந்தால் அவர் அதை என்ன செய்வார்? எரிந்த எருசலேமின் முன் எழுந்த புலம்பல் நூல் அவருக்காகவே வேதத்தில் இருக்கிறது. கடவுளிடம் கோபப்படவும் வேதம் இடம் தருகிறது என்பதைத் தினசரி வசனத்தோடு நின்றுவிடுபவர் அறியாமலே போகலாம்.

வழிகாட்டலில் நேரும் சேதம் வீட்டுக்குள்ளும் உண்டு. அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணுக்கு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22ஐ மட்டும் எடுத்துச் சொல்லி அனுப்புகிறவர்கள் அதற்கு முந்திய வசனம் இருவரையும் ஒருவருக்கொருவர் பணியச் சொல்வதைச் சொல்வதில்லை. நோயாளி குணமாகாதபோது, சுகம் தரும் வசனத்தை அவர் முழுமனதோடு விசுவாசிக்கவில்லை என்று பழி அவர் மேலேயே விழுகிறது. இதை ஆறுதல் என்று அழைக்கக் கூடாது.

மாற்று வழி பழையதுதான். ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகம் 1549 முதல் சங்கீதங்களைக் காலை, மாலை என்று முப்பது நாளுக்குப் பிரித்து வைத்திருக்கிறது. பிடித்ததைத் தேர்ந்தெடுக்க அதில் இடமில்லை. மகிழ்ச்சியான நாளில் அழுகை வரும், துக்க நாளில் துதி வரும். ஆனால் கனடா ஆங்கிலிக்கன் சபையின் 1962 பதிப்பில், சாபச் சொற்கள் நிறைந்த 58ஆம் சங்கீதத்தை முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். சங்கடமானதை வெட்டும் கை எல்லாச் சபைகளிலும் இருக்கிறது. அநீதியான நீதிபதிகளுக்கு எதிரான அந்தச் சங்கீதம் நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதை வெட்டியவர்கள் அறிந்திருக்க வழியில்லை.

வசனம் அனுப்புகிறவர்கள் அதை நிறுத்த வேண்டியதில்லை. அந்த அதிகாரம் முழுவதையும் சேர்த்து அனுப்புங்கள். எரேமியா 27 முதல் 29 வரை ஒரே இருப்பில் வாசித்துவிடலாம். போதகர்களிடம் ஒரு வேண்டுகோள்: மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்துக்குப் பதிலாக, புலம்பல் நூலின் ஐந்து அதிகாரங்களையும் சபையில் உரத்து வாசியுங்கள். அரை மணி நேரம் போதும்.