புள்ளி கடைசியில் வரும்

விழுப்புரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போதெல்லாம் ழகரத்தை நினைத்து எனக்கு மனசு வாடும். மாவட்ட இணையதள முகவரியில் ஒரு எல், வேறு இடங்களில் இரண்டு எல். ழ மட்டும் எங்கேயும் இல்லை. திண்டிவனம் கொடுத்துவைத்த ஊர், அதற்கு ழ கிடையாது.

அதனால்தான் ‘விழுப்புரம்.இந்தியா’ என்று ஒரு முகவரி இருந்தால் அது அஞ்சல் சர்வருக்குள் எப்படிப் போய்வரும் என்று ஆசையாசையாய்ப் பார்க்கிறேன். டாட் இந்தியா இணையத்தின் மூலப் பட்டியலில் ஏறியது 2011இல். பழைய சர்வர்களுக்கோ ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு தவிர எதுவும் தெரியாது. அவற்றுக்கும் புரியும்படி முகவரியை மாற்றித் தருவது, 2003இல் ஆடம் காஸ்டெல்லோ வகுத்த பியூனிகோட்.

பக்கத்துப் புதுச்சேரியைப் பிரெஞ்சில் எழுதினால், தலையில் சாய்ந்த கீற்றோடு ஓர் ‘ஈ’ வரும். பியூனிகோட் மற்ற எழுத்துகளைத் தொடாது. அந்த ஒன்றை மட்டும் மெல்ல எடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த இடத்தை வாலில் குறித்துவைக்கும், முந்தானையில் சில்லறை முடிவதுபோல.

விழுப்புரத்திலோ அத்தனை எழுத்தும் எழுந்துவிடும். நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொரு குறி. திரும்பத் தமிழாகும்போது அவை யூனிகோட் எண் வரிசையில் ஒவ்வொன்றாக வந்து தம் இடத்தில் அமர்வதைப் பாருங்கள். முதலில் ‘பப’. அப்புறம் ‘பபம’, ‘பபரம’. அடுத்து என் ழகரம்: ‘ழபபரம’. நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்னால் நிற்பது இங்கே முந்திக்கொள்கிறது. போகட்டும், பட்ட பாட்டுக்கு இந்தச் சலுகை தகும். பிறகு ‘வழபபரம’. இகர உகரக் குறிகள் வந்ததும் ‘விழுபபுரம’, புள்ளியில்லாத பழைய ஓலைச்சுவடி எழுத்தேதான்! கடைசியில், கோலத்தில் முதலில் வைக்கிற புள்ளி இரண்டு சொட்டாக இறங்குகிறது, பகரத்தின் மேல் ஒன்று, மகரத்தின் மேல் ஒன்று. விழுப்புரம்.

இதெல்லாம் மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ குறிக்கு வலப்பக்கம். இடப்பக்கம் இருப்பது ஆள் பெயர். அதைப் பியூனிகோடும் தொடாது. 2012இல் வந்த நெறிமுறைப்படி, வணக்கம் சொல்லும்போதே எதிர்முனைச் சர்வர் ‘எஸ்எம்டிபி யூடிஎஃப்8’ என்று அறிவித்தால்தான் தமிழ்ப் பெயர் அப்படியே உள்ளே போகும். அறிவிக்காவிட்டால், அனுப்பும் சர்வர் பெயரைச் சிதைத்து உள்ளே தள்ளாது. கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். என்ன நாகரிகம்!

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருள் 2015இல் வந்த 3.0 பதிப்பிலேயே இதைக் கற்றுக்கொண்டது. உங்கள் அலுவலகச் சர்வர் அந்தச் சொல்லைச் சொல்கிறதா? நாளைக்கு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.