அளவுகோலும் ஆயத்தமும்: 1972 முதலான பரீட்சைச் சீர்திருத்தங்களில் மாவட்டங்களின் நிலை

இலங்கையின் கல்விச் சீர்திருத்தங்கள் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு தளங்களிலேயே நடைபெற்று வந்துள்ளன. எதைக் கற்பிப்பது என்னும் பாடவிதானப் பிரச்சினை ஒன்று. யாரைப் பல்கலைக்கழகத்துக்குள் அனுமதிப்பது என்னும் தெரிவுப் பிரச்சினை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே அதிகம் பேசப்படாத பிரச்சினையொன்று உண்டு. புதிய மதிப்பீட்டு முறையொன்று நடைமுறைக்கு வருமுன், அம்முறையால் அளக்கப்படவிருக்கும் மாவட்டங்களும் அவற்றின் பாடசாலைகளும் ஆசிரியரும் எவ்வாறு ஆயத்தப்படுத்தப்பட்டனர் என்பதே அது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தை இந்நோக்கிற் பார்ப்பின் ஓர் உண்மை தெளிவாகும். மாவட்டம் என்ற அலகு பல்கலைக்கழக வாசலிலேதான் அரசின் கண்ணிற் பட்டது. ஆயத்தத்தின்போது அது சுற்றுநிருபங்கள் சென்று சேரும் முகவரியாக மட்டுமே இருந்தது.

சீர்திருத்தத்தின் பின்னணி நன்கறியப்பட்டதே. 1971 ஏப்ரலில் நிகழ்ந்த இளைஞர் கிளர்ச்சி, கற்றவரின் வேலையின்மையை அரசியலின் நடுமேடைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனத் தூதுக்குழு, நாட்டின் வேலைவாய்ப்புக்கும் கற்ற இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் இடையிலான முரண்பாட்டைச் சுட்டிக் காட்டியது. அன்றைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூதும் அமைச்சின் செயலாளர் பிரேமதாச உடகமவும் முன்னின்று செயற்படுத்திய திட்டம் 1972 சனவரியில் ஆரம்பமாயிற்று. பாடசாலை அனுமதி வயது ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டது. ஐந்தாண்டு ஆரம்பக் கல்வி, நான்காண்டு கனிட்ட இடைநிலைக் கல்வி, இரண்டாண்டு சிரேட்ட இடைநிலைக் கல்வி என்ற அமைப்பு உருவாயிற்று. க.பொ.த. சாதாரண தரம் கைவிடப்பட்டு, ஒன்பதாம் வகுப்பின் முடிவிலே தேசிய பொதுக் கல்வித் தராதரப் பத்திரம் என்ற புதிய பரீட்சை வைக்கப்பட்டது. 1975 இறுதியில் அதன் முதற் பரீட்சை நடைபெற்றது.

இத்திட்டத்தை முழுமையாக நிராகரிப்போர் அதன் ஒரு சிறப்பை மறந்துவிடுகின்றனர். கணிதமும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் நாட்டின் எல்லா மாணவருக்கும் கட்டாய பாடங்களாயின. அதுவரை விஞ்ஞானம் என்பது ஆய்வுகூடமும் பட்டதாரி ஆசிரியரும் வாய்க்கப்பெற்ற பாடசாலைகளின் தனியுடைமை போலவே இருந்தது. இலவசக் கல்வி 1945இல் வாசற்கதவைத் திறந்ததெனினும், உள்ளேயிருந்த அறைகள் பல பூட்டியே கிடந்தன. அவற்றுள் மிக முக்கியமான ஒன்றை 1972 திறக்க முயன்றது. கொள்கையளவில் இது பெரும் சனநாயக நடவடிக்கை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின் கொள்கை பாடசாலையை அடைந்த விதம் வேறு. 1972இல் ஆறாம் வகுப்பிற் புகுந்த மாணவர் 1975இல் ஒன்பதாம் வகுப்பை முடித்துப் பரீட்சைக்கு அமர்ந்தனர். புதிய பாடத்திட்டம் இம்மாணவர் கூட்டத்தோடு ஆண்டுக்கொரு வகுப்பாக மேலேறிச் சென்றது. அதாவது ஆயத்தமும் அமுலாக்கமும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. ஆசிரியர் மாணவனுக்கு ஓரடி முன்னே நின்றார், அவ்வளவே. பௌதிகமோ தாவரவியலோ மட்டும் கற்றிருந்த ஆசிரியர், இப்போது இயற்கை முழுவதையும் ஒரே பாடமாக இணைத்துக் கற்பிக்க வேண்டியவரானார். விஞ்ஞானமே கற்பிக்கப்படாதிருந்த கிராமப் பாடசாலையில் அப்பாடம் எவர் தலையில் வந்து பொறுத்ததோ, அவர் கையில் இருந்தது ஆசிரியர் வழிகாட்டி நூலொன்றே. நீர் இல்லாத, குழாய் இல்லாத, மேசைகூட இல்லாத வகுப்பறைக்கும், நகரத்துக் கல்லூரியின் முழுமையான ஆய்வுகூடத்துக்கும் ஒரே நாளில் ஒரே வினாத்தாள் சென்று சேர்ந்தது. வினாத்தாள் பொதுவாயிருந்தது. அதற்கு விடை எழுதுவதற்கான நிலைமைகள் பொதுவாயிருக்கவில்லை.

எல்லா மாவட்டங்களும் சமநிலை எய்தும் வரை பொதுப் பரீட்சை காத்திருக்க வேண்டுமெனின் அது ஒருநாளும் வராது என்று இதற்கு மறுமொழி கூறப்படலாம். அதில் நியாயம் உண்டு. சமமற்ற நிலையிலும் ஒரு பொது அளவுகோல் பயன்படவே செய்யும். எங்கே எது குறைகின்றது என்பதை அதனாற் காட்ட முடியும். குறை வேறிடத்தே இருந்தது. தேசிய பொதுக் கல்வித் தராதரப் பத்திரத்தின் பெறுபேறு மாணவனைப் பற்றிய தீர்ப்பாகவே வாசிக்கப்பட்டது. பாடசாலையைப் பற்றிய சாட்சியமாக, வட்டாரக் கல்வி அலுவலகத்தைப் பற்றிய சாட்சியமாக, அமைச்சைப் பற்றிய சாட்சியமாக அது வாசிக்கப்படவில்லை. கணிதத்தில் ஒரு வட்டாரம் முழுவதுமே தவறுமாயின், தவறியது அவ்வட்டாரத்துப் பிள்ளைகள் மாத்திரந்தானா என்ற வினா முறைப்படி எழுப்பப்படுவதற்கு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.

மாவட்டங்கள் தம் சொந்தக் குரலைக் காட்டக்கூடிய இடமொன்று இச்சீர்திருத்தத்தில் இருந்ததென்றால் அது தொழில்முன்னிலைக் கல்வியே. பிரதேசத்தின் தொழிலைப் பாடசாலை கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மன்னாரில் மீன்பிடியும், யாழ்ப்பாணத்தில் பனைசார் தொழிலும், மட்டக்களப்பில் நெசவும் நெல்வேளாண்மையும் அறிவுக்குரிய பொருள்களாகக் கருதப்படுவதற்கு அது வாய்ப்பளித்தது. அத்தகைய பாடத்தை நாடளாவிய ஒரே தாளினால் அளத்தல் இயலாது. அதனை மதிப்பிடும் ஆற்றலும் அதிகாரமும் அவ்வப் பிரதேசத்திலேயே வளர்க்கப்பட்டிருக்க வேண்டும். தொழிலறிந்தவரைப் பாடசாலைக்குள் அழைத்துவர வேண்டியிருந்தது. பெற்றோருடன் பேச வேண்டியிருந்தது. இவை செய்யப்படாத நிலையில், உத்தியோகத்தையே கல்வியின் பயனாகக் கண்ட பெற்றோர் இப்பாடத்தை ஐயத்துடனேயே நோக்கினர். தம் பிள்ளையைத் தம் தொழிலுக்கே திருப்பி அனுப்பும் சூழ்ச்சி என்று விவசாயியும் மீனவரும் கருதினால் அதனை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. நகரத்து உயர்குழாத்தினரின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகமும் தம் பிள்ளைகளுக்குப் பனையோலையும் என்ற பங்கீடு எவ்வாறு முடியும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இதே ஆண்டுகளிலேதான் பல்கலைக்கழக வாசலில் மற்றொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. 1971 அனுமதியில் மொழிவாரியாக வேறுபட்ட வெட்டுப்புள்ளிகள் வந்தன. 1973இல் மொழிமூல அடிப்படையிலான தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டக் குடித்தொகைக்கேற்ற பங்கீடு அதனோடு சேர்ந்தது. 1969இல் விஞ்ஞானத் துறை அனுமதியிற் கால் பங்குக்குமேல் பெற்றிருந்த வடமாகாணம், 1974இல் ஏறக்குறைய 7 சதவீதத்துக்கு இறங்கியது. மேல்மாகாணத்தின் பங்கும் கடுமையாகக் குறைந்தது. தரப்படுத்தலைத் தனியே இனப்பிரச்சினையாக மட்டும் எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. மொழிவழித் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதி வெளிப்படையானது. அது தமிழ் இளைஞர் அரசியலின் போக்கையே மாற்றியது. ஆயினும் மாவட்டப் பங்கீடு என்ற கருத்தை அதனோடு ஒன்றாகக் கட்டி எறிந்துவிடுதல் தகாது. வசதி குறைந்த பிரதேசத்து மாணவன் பெற்ற புள்ளி, வசதி மிகுந்த பிரதேசத்து மாணவன் பெற்ற அதே புள்ளியை விடக் கூடுதலான உழைப்பைக் குறிக்கலாம் என்ற எண்ணத்தில் நீதி உண்டு.

கோளாறு அந்த நீதி செலுத்தப்பட்ட இடத்திலே உள்ளது. பன்னிரண்டு ஆண்டுகள் பாடசாலையில் நேர்ந்த இழப்பை ஒரு நாளில், ஓர் எண்ணைத் திருத்துவதன் மூலம் ஈடுசெய்யலாம் என்று கருதப்பட்டது. அன்றியும், மாவட்டம் என்பது மிகவும் பருமட்டான அலகு. அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்துள் கிளிநொச்சியும் அடங்கியிருந்தது; அது தனி மாவட்டமானது 1984இலேயே. குடியேற்றத் திட்டத்துப் பாடசாலை மாணவனும் தீவுப்பகுதி மாணவனும் யாழ் நகரத்துப் பெருங் கல்லூரிகளின் மாணவரோடு அதே குறுகிய ஒதுக்கீட்டுக்குள் போட்டியிட வேண்டியவராயினர். யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பில் நியாயம் இருந்த அளவுக்கு ஒரு மௌனமும் இருந்தது. அம்மௌனம் இவர்களைப் பற்றியதே.

நுவரெலியாவின் நிலை இன்னும் கசப்பானது. பங்கீடு குடித்தொகையை அடிப்படையாகக் கொண்டது. அம்மாவட்டத்தின் குடித்தொகையிற் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளர். ஆனால் தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகள். ஐந்தாம் வகுப்புக்கு மேற் செல்லாதவை. அவற்றை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களிலேதான் படிப்படியாக நடைபெற்றது. இவ்வாறு, எந்தப் பிள்ளைகளின் தலைகளை எண்ணி இடங்கள் ஒதுக்கப்பட்டனவோ அந்தப் பிள்ளைகளுக்கு அவ்விடங்களை நோக்கி நடப்பதற்குப் பாடசாலையே இருக்கவில்லை. கணக்கில் அவர்கள் இருந்தனர். பரீட்சை மண்டபத்தில் இருக்கவில்லை. ஆயத்தமற்ற மாவட்டத்துக்கு வழங்கப்படும் சலுகை, அம்மாவட்டத்துள்ளேயே ஏற்கெனவே ஓரளவு ஆயத்தமாயிருப்போரைச் சென்றடையும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1977இல் ஆட்சி மாறியது. புதிய அரசு க.பொ.த. சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் மீட்டெடுத்தது. ஒரு பரீட்சை முறை மாவட்டங்களில் எதைச் சாதித்தது, எங்கே தோற்றது என்று அமைதியாக ஆராயப்படுமுன்னரே அது கைவிடப்பட்டது. மீண்டும் புதிய பாடத்திட்டங்கள், புதிய வழிகாட்டிகள், புதிய சுற்றுநிருபங்கள். 1979இல் அனுமதிக்கு 30 சதவீதம் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 15 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற சூத்திரம் வகுக்கப்பட்டது. சூத்திரங்கள் காலத்துக்குக் காலம் நுட்பமடைந்து வந்தன. பாடசாலைகளைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. குறைந்த வெட்டுப்புள்ளி உள்ள மாவட்டங்களுக்குச் சென்று பரீட்சை எழுதும் வழக்கமும் தோன்றியது. கெட்டிக்காரத்தனமான இந்த இடப்பெயர்வு, முறைமையின் உட்பொருளை அமைச்சை விடப் பெற்றோர் நன்கு விளங்கியிருந்தனர் என்பதையே காட்டுகின்றது.

1990களின் பிற்பகுதியில் வந்த சீர்திருத்தம் பாடசாலை மட்டக் கணிப்பீட்டை முன்வைத்தது. கருத்தளவில் 1972இன் குறையொன்றை இது நிவர்த்திக்க வல்லது. அளவுகோலை ஆசிரியரின் கையிற் கொடுப்பது, பரீட்சையின் ஒருநாட் கொடுமையைத் தணிப்பது, கற்றலின்போதே குறையைக் கண்டு திருத்துவது ஆகியன உயர்ந்த நோக்கங்களே. நடைமுறையில் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தவை படிவங்கள். நாற்பது, ஐம்பது மாணவரைக் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பாடத்திலும் பதிவு வைக்க வேண்டிய ஆசிரியர், கணிப்பதற்கும் எழுதுவதற்குமிடையே ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியவரானார். இயல்பாகவே எழுதுவதைத் தெரிந்தார். 2001 உயர்தரப் பரீட்சையிலிருந்து அனுமதியைத் தீர்மானித்த இசட் புள்ளியில் இக்கணிப்பீட்டுக்கு இடமிருக்கவில்லை. செல்லுபடியாகாத நாணயத்தை எவரும் சேமிப்பதில்லை. மாணவர் மாலையில் ரியூட்டரிக்குச் சென்றனர்.

இசட் புள்ளியும் ஆயத்தமின்மையிலிருந்து தப்பவில்லை. 2011 உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒருங்கே தோற்றினர். வெவ்வேறு தாள்களுக்கு விடையளித்த இரு கூட்டத்தினரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012இல் உயர்நீதிமன்றம் தலையிட்டுத் தனித்தனியே கணிக்குமாறு பணிக்கும்வரை ஆயிரக்கணக்கான மாணவர் தம் நிலையறியாது நின்றனர். மாற்றம் வரும் ஆண்டு முன்னரே தெரிந்திருந்தது. இரு தாள்கள் இருக்கும் என்பதும் தெரிந்திருந்தது. இத்தகைய விடயம் நீதிமன்றத்திலேதான் கற்றுக்கொள்ளப்பட வேண்டுமா?

மாணவனை அளப்பதற்கு இத்தனை கருவிகளைக் கண்ட நாடு, பாடசாலையை அளப்பதற்கு வைத்திருப்பது 1ஏபி, 1சி, 2, 3 என்ற வகைப்படுத்தலை. அது ஒரு பாடசாலை எந்த வகுப்புவரை, எந்தத் துறையில் கற்பிக்கின்றது என்பதைச் சொல்லும். அங்கு இரசாயனவியலுக்கு ஆசிரியர் உள்ளாரா, ஆய்வுகூடம் திறக்கப்படுகின்றதா, கடந்த மூன்றாண்டுகளில் எத்தனை மாதம் கணித பாடம் நடைபெறாதிருந்தது என்பவற்றைச் சொல்லாது. பரீட்சைக்கு மாணவரை அனுப்பும் தகுதி அப்பாடசாலைக்கு உண்டா என்று எவரும் சான்றுரைப்பதில்லை. சான்று முழுவதும் மாணவனிடமிருந்தே கேட்கப்படுகின்றது. 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய சீர்திருத்தமும் பாட அலகுகளையும் தொடர் கணிப்பீட்டையும் முதன்மைப்படுத்துகின்றது. வலயக் கல்வி அலுவலகங்கள் இம்முறை படிவங்களைப் பெறப்போகின்றனவா, ஆசிரியரைப் பெறப்போகின்றனவா என்பதே அதனிடம் கேட்கப்பட வேண்டிய முதல் வினா.

இரண்டாவது வினா பட்டியல் பற்றியது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அண்மைக் காலக் கைந்நூல்களில், 5 சதவீத விசேட ஒதுக்கீடு பெறும் வசதி குறைந்த மாவட்டங்கள் 16 என உள்ளன. நாட்டின் மாவட்டங்கள் 25. மன்னாரும் முல்லைத்தீவும் மொனராகலையும் நுவரெலியாவும் அப்பதினாறில் அடங்கும். 1974இல் அளவுக்கு மிஞ்சிப் பெற்றதாகக் கருதிக் குறைக்கப்பட்ட யாழ்ப்பாணமும், போருக்குப் பின், அவற்றோடு நிற்கின்றது. எந்தப் பாடசாலைகளில் எவை நிறைவேறினால் ஒரு மாவட்டம் இப்பட்டியலை விட்டு வெளியேறும் என்பதை எந்தச் சூத்திரமும் இதுவரை கூறவில்லை.